பழைய பெட்ரோல் லாரிக்கு மாற்றுக் கார்புரேட்டர்: ஆபத்துகள், உரிமைகள், தீர்வுகள்

பழைய பெட்ரோல் இன்ஜினுக்குள் எவ்வளவு காற்று செல்ல வேண்டும், அதில் எவ்வளவு பெட்ரோல் கலக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கருவி கார்புரேட்டர். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். கார்புரேட்டரின் குறுகிய கழுத்துப் பகுதியான வென்சூரியில் காற்று வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்த இழுப்பில், ஃப்ளோட் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் ஜெட் எனப்படும் நுண்துளை வழியே ஏறிக் காற்றோடு கலக்கிறது. இன்றைய வண்டிகளில் சென்சாரும் கணினியும் நொடிக்கு நொடி செய்யும் திருத்தத்தை இங்கே துளையின் விட்டமும் ஃப்ளோட்டின் உயரமும் மட்டுமே செய்கின்றன. பொருந்தாத கார்புரேட்டரை இன்ஜினால் தானாகச் சரிசெய்துகொள்ள முடியாது. அதன் விலையாக வால்வையும் பிஸ்டனையும், கூடுதல் பெட்ரோல் செலவையும், சில வேளைகளில் உயிரையும் கொடுக்க நேரிடும்.

சென்னையை அடுத்த தாம்பரம் வட்டாரத்துக்கு இந்தக் கருவியோடு நெருங்கிய உறவு உண்டு. 1948இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் வண்டலூர் தொழிற்சாலையில் ஹெரால்டு, கேசல் கார்களையும் ‘ஸ்டாண்டர்ட் 20’ என்ற சிறு வணிக வாகனத்தையும் தயாரித்து, 1988இல் உற்பத்தியை நிறுத்தியது. ஜி.எஸ்.டி. சாலையில் இன்னும் தெற்கே மறைமலை நகரில், யூகால் நிறுவனம் ஜப்பானின் மிக்குனியுடன் இணைந்து கார்புரேட்டர்களைத் தயாரித்தது. 1950களின் நடுப்பகுதியிலிருந்து டாடாவும் அசோக் லேலண்டும் டீசல் லாரிகளைப் பரவலாக்கியதால், டாட்ஜ், ஃபார்கோ, செவ்ரோலே, பெட்ஃபோர்டு போன்ற பெட்ரோல் லாரிகள் அரிதாயின. அவற்றில் எஞ்சியவையும், வில்லிஸ் ஜீப்புகளும், ராணுவம் ஏலத்தில் விட்ட ஜோங்கா வண்டிகளும் இன்று ஆர்வலர்களின் பராமரிப்பில் உள்ளன. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதிகள் வந்தபின் புதிய இருசக்கர வாகனங்களிலிருந்தும் கார்புரேட்டர் பெரும்பாலும் விடைபெற்றது. உதிரிபாகமும் கைதேர்ந்த மெக்கானிக்கும் அரிதாகிவிட்ட இந்தச் சூழலில்தான் தவறான பொருளும் போலிப் பொருளும் எளிதில் விலைபோகின்றன.

மாற்றுவதற்கு முன்

வண்டி இழுக்கவில்லை, ஐட்லிங் நிற்கவில்லை, கரும்புகை வருகிறது என்றவுடன் கார்புரேட்டரைக் குறைசொல்வது வழக்கம். இதே அறிகுறிகள் வேறு காரணங்களாலும் தோன்றும். சிலிண்டர்களின் கம்ப்ரஷன், இக்னிஷன் டைமிங், பாயின்ட் இடைவெளி, கண்டன்சர், பெட்ரோல் பம்பின் அழுத்தம், அடைபட்ட ஃபில்டர், மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் காற்றுக்கசிவு ஆகியவற்றை முதலில் சோதிக்க வேண்டும். மேனிஃபோல்டில் காற்று கசியும் இன்ஜினில் எந்தப் புதிய கார்புரேட்டரும் சரியாக ஓடாது.

கார்புரேட்டரிலேயே பழுது என்று உறுதியானால், அடுத்த கேள்வி அது பழுதுபார்க்கக் கூடியதா என்பது. ஜெட், நீடில் வால்வு, கேஸ்கெட், ஆக்ஸிலரேட்டர் பம்பின் டயாஃப்ரம் ஆகியவை தேய்ந்திருந்தால் அவற்றை மட்டும் மாற்றினால் போதும். த்ராட்டில் தண்டு தேய்ந்து ஆடினால், லேத் பட்டறையில் புஷ் போட்டுச் சரிசெய்யலாம். உடல் விரிசல் விட்டிருந்தாலோ, ஃப்ளேஞ்ச் வளைந்திருந்தாலோ, உள்வழிகள் அரித்துப்போயிருந்தாலோதான் முழு மாற்று தேவை. அந்த நிலையிலும் பழைய கார்புரேட்டரைப் பட்டறையிலிருந்து கேட்டுத் திரும்பப் பெற வேண்டும். அதில் பொறித்திருக்கும் எண்களும் ஜெட் அளவுகளுமே புதியதைத் தேர்ந்தெடுப்பதற்கான முதல் சான்று.

அளவும் பொருத்தமும்

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினின் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை காற்றை உள்ளிழுக்கிறது. வில்லிஸ் ஜீப்பின் நான்கு சிலிண்டர் இன்ஜின் 2,199 சிசி. அது நிமிடத்துக்கு 4,000 சுற்று சுழலும்போது கணக்குப்படி 4,400 லிட்டர் காற்றை இழுக்க வேண்டும். பழைய இன்ஜின்களின் நிரப்புத்திறன் 80 விழுக்காடு என்று கொண்டால், உண்மைத் தேவை ஏறத்தாழ 3,500 லிட்டர், அதாவது சுமார் 124 கன அடி. இணையத்தில் கவர்ச்சியாக விற்கப்படும் 500 கன அடிக் கார்புரேட்டரை இதில் பொருத்தினால் வென்சூரியில் காற்றின் வேகம் விழுந்துவிடும். பெட்ரோல் நுண்துளிகளாகச் சிதறாமல் சொட்டுகளாக இறங்கும். குறைந்த வேகத்தில் இழுவை போகும், சிலிண்டர் சுவரிலுள்ள ஆயில் படலம் கழுவப்படும். மாறாக, மாருதி 800 போன்ற 796 சிசி இன்ஜினுக்கான சிறிய கார்புரேட்டரைப் பொருத்தினால், சுமையோடு மேடேறும்போது இன்ஜின் மூச்சுத் திணறும்.

அளவு சரியாக இருந்தாலும் மற்ற பொருத்தங்களைத் தனித்தனியே சரிபார்க்க வேண்டும். ஃப்ளேஞ்சின் போல்ட் இடைவெளி, துளை விட்டம், த்ராட்டில் நெம்புகோல் திரும்பும் திசை, சோக் அமைப்பு, ஏர் ஃபில்டரின் வாய் அளவு, டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் வேக்குவம் குழாய்க்கான முனை ஆகியவை அவை. சோலெக்ஸ் வகைக் கார்புரேட்டரில் ஜெட்டின் மேல் 120 என்று இருந்தால் அதன் துளை 1.20 மில்லிமீட்டர் என்று பொருள். பெயர்ப்பலகையில் ஒரே மாடல் எண் இருந்தும் உள்ளே வேறு ஜெட் இருப்பதுண்டு. அதனால் வாங்கும்போதே திறந்து பார்ப்பது நல்லது.

எத்தனாலும் தீ ஆபத்தும்

நாடெங்கும் இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார்புரேட்டரின் கார்க் கேஸ்கெட், சாதாரண ரப்பர் குழாய், பழைய டயாஃப்ரம் ஆகியவை எத்தனாலில் ஊறி உப்பி, பின்பு வெடிப்பு விடும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மை உடையது. மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் வண்டியில், வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் ஈரக்காற்றில், டாங்க்கின் அடியில் நீர் பிரிந்து தேங்கி, துத்தநாகக் கலவை உடலை அரிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தேவைப்படும் காற்றும் குறைவு, ஏறத்தாழ 13.5 மடங்கு போதும். பழைய ஜெட்டோடு ஓட்டினால் கலவை மெலிந்து வால்வு சூடேறும். ஆகவே மாற்றுக் கார்புரேட்டரும் அதன் ரிப்பேர் கிட்டும் எத்தனாலைத் தாங்கக்கூடியவை என்று விற்பவர் எழுத்தில் உறுதி தர வேண்டும். ஜெட் அளவைக் கூட்டும் வேலையை, ஸ்பார்க் பிளக்கின் நிறத்தையும் புகை அளவீட்டையும் பார்த்துப் படிப்படியாகச் செய்ய வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடிய ஆபத்து தீ. பழைய மெக்கானிக்கல் பம்புகளின் அழுத்தம் பொதுவாக 2 முதல் 5 பிஎஸ்ஐக்குள் இருக்கும். அதிக அழுத்தம் தரும் மின்பம்பை ரெகுலேட்டர் இல்லாமல் இணைத்தால் நீடில் வால்வு தாங்காது. கிண்ணம் நிரம்பி வழியும் பெட்ரோல் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின்மேல் விழும். பெருங்களத்தூர் நெரிசலில் கோடை வெயிலில் நிற்கும் வண்டியில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைப்பதும் உண்டு. கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையே வெப்பத்தைத் தடுக்கும் தடித்த ஸ்பேசர், எத்தனாலுக்கு ஏற்ற குழாய், இறுக்கமான கிளிப், கைக்கெட்டும் இடத்தில் தீயணைப்பான் ஆகியவற்றைச் செலவு கருதித் தவிர்க்கக் கூடாது. பெட்ரோல் வாடை வந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

சட்டம் எதை அனுமதிக்கிறது?

பழுதான கார்புரேட்டருக்குப் பதில் அதே வகை, அதே அளவு கார்புரேட்டரைப் பொருத்துவது பராமரிப்பு. தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கும் ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கும் முரணாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு தடுக்கிறது. இன்ஜினை மாற்றுவதும், எரிவாயுவுக்கு மாற்றுவதும் முன் அனுமதி தேவைப்படுபவை. அனுமதியற்ற மாற்றத்துக்கு 182ஏ(4) பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஐயம் இருந்தால் வேலையைத் தொடங்கும் முன் பதிவெண் சார்ந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில், தாம்பரத்தில் பதிவான டிஎன்-11 வண்டியானால் தாம்பரம் அலுவலகத்தில், எழுத்து மூலம் கேட்கலாம்.

2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், 50 ஆண்டு கடந்த, வணிகப் பயன்பாட்டில் இல்லாத இருசக்கர வண்டிகளுக்கும், கார், ஜீப் போன்ற நான்கு சக்கரப் பயணி வண்டிகளுக்கும் ‘விண்டேஜ்’ பதிவை அளிக்கிறது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். செல்லுபடியாகும் காலம் பத்து ஆண்டு. சேசிஸ், உடல்கூடு, இன்ஜின் ஆகியவற்றில் பெரும் மாற்றமின்றி மூல வடிவில் இருப்பதே அதற்கு நிபந்தனை. பொருந்தாத கார்புரேட்டருக்காக மேனிஃபோல்டை வெட்டி ஒட்டினால் அந்தத் தகுதியே கேள்விக்குள்ளாகும்.

புகைச் சான்றிதழும் கட்டாயம். பிஎஸ்-2க்கு முந்தைய நான்கு சக்கரப் பெட்ரோல் வண்டிக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 விழுக்காட்டையும் ஹைட்ரோகார்பன் 1,500 பிபிஎம்மையும் தாண்டக் கூடாது. சான்றிதழை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புது கார்புரேட்டர் பொருத்தியவுடன் இந்தச் சோதனையைச் செய்தால், டியூனிங் சரியா என்பதும் கையோடு தெரிந்துவிடும். ஏதேனும் மாற்றம் செய்திருந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் விபத்துக்குப்பின் இழப்பீடு மறுக்கப்பட அது காரணமாகலாம்.

வாங்குவோரின் உரிமை

பொட்டலமிட்ட உதிரிபாகத்தில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, மாதமும் ஆண்டும், நுகர்வோர் தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும். இறக்குமதிப் பொருளில் தயாரான நாட்டின் பெயரும் வேண்டும். இவை இல்லாத, ஆனால் பிரபலப் பெயர் தாங்கிய பெட்டியை ஐயத்தோடு பார்ப்பது நல்லது. மங்கலான அச்சு, சொரசொரப்பான வார்ப்பு, எண் பொறிக்காத ஜெட் ஆகியவை போலியின் அடையாளங்கள்.

சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் கார்புரேட்டர் வாங்குவோரும் பில் கேட்க வேண்டும். பொருளின் எண், நிலை, விற்பவர் பெயர் ஆகியவை அதில் இருக்கட்டும். திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி குற்றம். நேர்மையாக வாங்கியவருக்கு அந்த பில்தான் காப்பு.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி பில் தர மறுப்பது நியாயமற்ற வணிகமுறை. குறைபாடுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படிக் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அதே வகைதான். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற முத்திரை இந்த உரிமையைப் பறிக்காது. பட்டறை செய்த மோசமான வேலை சேவைக் குறைபாடாகும். வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் இந்தச் சட்டத்தில் நுகர்வோர் ஆகமாட்டார். தன் பிழைப்புக்காகத் தானே தொழில் செய்பவருக்கு விலக்கு உண்டு.

பாதிக்கப்பட்டால்

முதலில் பொருளைக் கழற்றாமல் படமும் காணொளியும் எடுக்க வேண்டும். கசிவு இருந்தால் பெட்ரோல் வரத்தை நிறுத்திவிட்டு எடுப்பது பாதுகாப்பு. பிறகு வேறொரு மெக்கானிக்கிடம் எழுத்துமூலக் கருத்து பெற்று, விற்றவருக்குப் பதிவு அஞ்சலில் கடிதம் அனுப்ப வேண்டும். இணைய விற்பனைத் தளமானால் அதன் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். பதில் இல்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

அதற்கும் பலனில்லையெனில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் வட்டத்தினருக்குச் செங்கல்பட்டு. ஆலந்தூர், சோழிங்கநல்லூர் வட்டத்தினருக்குச் சென்னை. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. இணையவழியிலும் மனுச் செய்யலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். தேவைப்பட்டால் ஆணையம் பொருளை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பும். பணத்தைத் திருப்புதல் அல்லது பொருளை மாற்றித் தருதல், இன்ஜினுக்கு நேர்ந்த சேதத்துக்கு இழப்பீடு ஆகியவற்றைக் கேட்கலாம். போலி வணிகக்குறி இருந்தால் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். வணிகக்குறிகள் சட்டம் 1999 அதற்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை வகுத்திருக்கிறது.