கேட்டு வளர்ந்த செவியும் பேசி வளர்ந்த நாவும்

மலேசியாவில் கிள்ளானுக்கும் பந்திங்கிற்கும் இடையே, கேரித் தீவின் செம்பனைத் தோட்டங்களுக்கு எதிர்க்கரையில் அமைந்துள்ள தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்தில் தமிழ் பல தலைமுறைகளாகப் பேசப்பட்டு வருகிறது. ஆயினும் இத்தகைய ஊர்களில் ஒரே தெருவில் வளரும் இரு பிள்ளைகளின் தமிழ் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. வீட்டிலும் தமிழ்ப்பள்ளியிலும் தமிழே பேசி வளரும் பிள்ளையின் வாயில் ‘புலி’யும் ‘புளி’யும் தனித்தனியே நிற்க, தாத்தா பாட்டி பேசுவதைப் புரிந்துகொண்டு மலாயிலோ ஆங்கிலத்திலோ மறுமொழி சொல்லிப் பழகிய பிள்ளையின் வாயில் அவ்விரண்டும் ஒன்றாகிவிடுவதுண்டு. ஒரு மொழியை வீட்டில் பெற்று, பள்ளி வயதில் நாட்டின் பெருமொழிக்கு மாறிவிட்ட இத்தகையோரை மொழியியலார் மரபுவழிப் பேச்சாளர் என்பர்.

இந்த வேறுபாடு எங்கே பிறக்கிறது என்பதை நாவின் அசைவிலிருந்தே அறியலாம். நாவின் விளிம்பு தடித்து மேற்பல்லின் அடியைப் பொருந்த, அண்ணத்தை ஒற்றினால் லகரமும் வருடினால் ளகரமும் பிறக்கும் என்றும், நாநுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடினால் ரகரமும் ழகரமும் பிறக்கும் என்றும் தொல்காப்பியப் பிறப்பியல் வகுத்துள்ளது. மலாயில் லகரம் ஒன்றே. நாவை வளைத்து ஒலிக்கும் ளகரமோ ணகரமோ ழகரமோ அதில் இல்லை. எனவே மலாய் ஒலிகளுக்குப் பழகிய நாவுக்கு ‘வலி’, ‘வளி’, ‘வழி’ ஆகிய மூன்றும் ஓரிடத்தில் வந்து சேர்வதும், ‘மனம்’, ‘மணம்’ இரண்டும் கலந்துவிடுவதும் இயல்பே. குறில் நெடில் வேறுபாடும் ஒற்று இரட்டித்தலும் பொது மலாயில் பொருளை மாற்றுவதில்லை என்பதால், ‘படு’, ‘பாடு’, ‘பாட்டு’ என்னும் சொற்களின் கால அளவு குறுகி நெருங்கிவிடும். பிறர் ஏதோ ஓர் அயல் வாடையாக உணர்வதில் பெரும்பங்கு இந்தக் கால அளவுக்கே உரியது எனலாம். ஆசிரியர்கள் ழகரத்தைத் திருத்துவதில் காட்டும் அக்கறையில் பாதியையேனும் இதற்கும் காட்டுவது நலம்.

எல்லா வேறுபாட்டையும் இழப்பு என்று கொள்வதும் பொருந்தாது. ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்பது மலேசியாவில் தோன்றிய பழக்கமன்று. மதுரைப் பேச்சிலும் யாழ்ப்பாணப் பேச்சிலும் ழகரம் ளகரமாவது நெடுங்கால வழக்கு. ரப்பர்த் தோட்டங்களுக்குத் திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் தத்தம் ஊர்ப் பேச்சையே கொண்டுவந்தனர். பிரிக்ஃபீல்ட்ஸில் குடியேறிய ரயில்வே எழுத்தர்களின் யாழ்ப்பாணத் தமிழில் ‘காற்று’ என்பதன் றகரம் நாநுனியை மேற்பல்லீற்றில் ஒற்றி எழ, தோட்டத் தமிழில் அதே சொல் ‘காத்து’ என வழங்கியது. 1938-இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தோட்டத் தொழிலாளர் அனுப்பப்படுவதைத் தடைசெய்தபின் புதிய வரவு குன்றியது. அதன்பின் தமிழகத்துப் பேச்சும் இங்குள்ள பேச்சும் தத்தம் வழியே மாறின. ஆகவே ‘பளம்’ என்னும் பிள்ளை பூட்டனின் ஊர்ப் பேச்சைப் பேசக்கூடும். ‘புளி’யைப் ‘புலி’ என்னும் பிள்ளையிடமோ மலாய் ஒலியமைப்பின் சாயல் விழுந்திருக்கிறது. இவ்விரண்டையும் ஒரே பிழையாக எண்ணிச் சிவப்பு மையால் திருத்துவது பயன் தராது.

இதே சிக்கலைக் கொரிய மொழியில் ஆய்ந்தோர் பலர். கொரிய மொழியில் ‘புல்’ எனத் தமிழ்ச் செவிக்குக் கேட்கக்கூடிய மூன்று சொற்கள் உண்டு. இயல்பாக ஒலித்தால் தீ, தொண்டையை இறுக்கி ஒலித்தால் கொம்பு, மூச்சை வலிந்து விட்டு ஒலித்தால் புல் எனப் பொருள்படும். இயல்பொலியையும் மூச்சொலியையும், உதடு திறந்தபின் குரல் அதிரத் தொடங்கும் வரையுள்ள இடைவெளியால் பிரித்துவந்த சியோல் மக்களில் இளைய தலைமுறையினர், இப்போது பெரும்பாலும் அடுத்துவரும் உயிரின் சுருதி ஏற்ற இறக்கத்தாலேயே பிரிக்கின்றனர். அதாவது, புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளை எந்த அளவுகோலால் அளக்கிறார்களோ அந்த அளவுகோலே தாயகத்தில் நகர்ந்துவிட்டது.

அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2003-இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் கூர்மையான செய்தியைத் தருகிறது. பல்கலைக்கழகத்தில் கொரிய மொழி பயின்றவர்களுள், சிறுவயதில் சில ஆண்டுகள் அம்மொழியைப் பேசியவர்கள் ஒலிகளைப் பிரித்தறிவதிலும் ஒலிப்பதிலும் புதிதாகக் கற்பவர்களை விஞ்சினர். கேட்டு மட்டுமே வளர்ந்தவர்களோ பிரித்தறிவதில் மட்டும் விஞ்சினர், ஒலிப்பதில் விஞ்சவில்லை. கேட்ட மொழி செவியில் தங்குகிறது. நாவில் தங்குவதற்குப் பேசியிருக்க வேண்டும்.

மலேசியத் தமிழர் கவலை கொள்ள வேண்டிய இடம் இதுவே. ஆரம்பப்பள்ளிப் பாடத்திட்டத்தில் லகர, ளகர, ழகர வாசிப்புப் பயிற்சி உண்டு; திருக்குறள் மனனமும் கதை சொல்லும் போட்டியும் நடக்கின்றன. ஆனால் தமிழ்ப்பள்ளி 6 ஆண்டுகளோடு முடிகிறது. இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்குவதற்கே குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும் என்பது விதி. கேட்டுப் பெற்ற வகுப்பும் பல இடங்களில் பாட வேளைக்கு வெளியே தள்ளப்படுகிறது. தோட்டம் கலைந்து தொழிற்பேட்டை வளர்ந்த ஊர்களில், லயன் வீட்டு வாசலில் நாள் முழுதும் காதில் விழுந்த தமிழும் குறைந்துவிட்டது. இந்நிலையில் தேசியப்பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளை திருவிழாக் கூட்டத்தில் தட்டுத் தடுமாறித் தமிழ் பேசும்போது உறவினர் சிரித்தால், அடுத்த முறை அப்பிள்ளை மலாயில் பேசும். எந்தப் பயிற்சியால் நா திருந்துமோ அந்தப் பயிற்சியே அன்றோடு நின்றுவிடும்.

நின்றது மீளாதென்று கொள்ள வேண்டியதில்லை. கொரியாவில் பிறந்து குழந்தைப் பருவத்திலேயே நெதர்லாந்துக் குடும்பங்களுக்குத் தத்துக்கொடுக்கப்பட்டு, டச்சு மொழி மட்டுமே பேசி வளர்ந்தவர்களைப் பற்றிய ஆய்வு 2017-இல் வெளிவந்தது. பெரியவர்களான பின் அவர்களுக்குக் கொரிய ஒலிகளில் பயிற்சி தந்தபோது, அம்மொழியை அறியாத மற்ற டச்சுக்காரர்களைவிட அவர்கள் நன்றாகத் தேறினர். 6 மாதம் நிரம்புமுன் தத்துப் போனவர்களும் அவ்வாறே தேறினர். பாட்டியின் தமிழைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கேட்டு, பேசாமல் வளர்ந்து, நாற்பது வயதில் ‘வாழைப்பழம்’ சொல்லக் கூசும் ஒருவரிடம் இருக்கும் முதலீடு அந்தக் குழந்தைகளுக்குக் கிடைத்ததைவிடப் பன்மடங்கு பெரிது.