தக்காளியில் கத்தி வழுக்குதா? வீட்டிலேயே சாணை பிடிக்கலாம்!

விரலைப் பதம் பார்ப்பது பெரும்பாலும் மொக்கைக் கத்திதான். தக்காளித் தோலில் இறங்காமல் வழுக்கும். கூடுதலாக அழுத்தினால் விரலில் இறங்கும். சாணை பிடிப்பவர் தெருவுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

1000 கிரிட் சாணைக்கல் ஒன்று போதும். ஊறவைக்கும் வகை என்றால் தண்ணீரில் குமிழி அடங்கும்வரை, சுமார் 10 நிமிடம் போட்டு எடுத்து, நகராமலிருக்க ஈரத்துணி மேல் வையுங்கள். கத்தியை 15 முதல் 20 டிகிரி சாய்த்து, அடியிலிருந்து நுனிவரை தேய்க்க வேண்டும். சாய்வு மாறக் கூடாது. பலரும் சொதப்புவது இங்கேதான்!

எதிர்ப்பக்க விளிம்பில் மெல்லிய பிசிறு தட்டுப்பட்டால் கத்தியைத் திருப்பலாம். விரலை விளிம்புக்குக் குறுக்கே மட்டும் தடவிப் பாருங்கள். நீளவாக்கில் ஓட்டினால் வெட்டிவிடும். மறுபக்கமும் முடிந்ததும், அழுத்தாமல் மாறி மாறித் தேய்த்தால் பிசிறு உதிரும்.

கல் இல்லையா? பீங்கான் கப்பைக் கவிழ்த்து, அடியிலுள்ள சொரசொரப்பான வளையத்தில் தேய்த்தால் அன்றைய சமையலுக்குத் தாங்கும்.