கொதிக்க வைத்தாலும் போகாத மருந்து

தண்ணீர் நல்லதா என்பதை நிறம், மணம், சுவை மூன்றையும் வைத்தே பார்த்துப் பழகியிருக்கிறோம். ஒளு செய்யும் தண்ணீருக்கும் இந்த மூன்றைத்தான் கவனிக்கிறோம். ஆனால், பூச்சிமருந்து மிகச் சிறிய அளவில் கலந்திருந்தால் மூன்றும் மாறாமலே இருக்கலாம்.

எமரால்டின் குளிருக்கு நம் வீடுகளில் பெரும்பாலும் வெந்நீர்தான். நல்ல பழக்கம், விட வேண்டாம். அது கிருமிகளைக் கொல்லும். மேட்டுத் தோட்டத்தில் உருளைக்கிழங்குக்கும் கேரட்டுக்கும் தெளித்த மருந்து மழையோடு கிணற்றுக்கு வந்திருந்தால், கொதிக்க வைப்பதை நம்பி இருக்க முடியாது. சில மருந்துகள் எளிதில் சிதையாமல் மண்ணிலும் நீரிலும் நெடுநாள் தங்கும். காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் தெளிக்கப்பட்ட எண்டோசல்ஃபான் அப்படிப்பட்டது. அதை 2011-இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது.

இத்தகைய நஞ்சைப் பிரிக்க விஞ்ஞானிகள் கையாளும் வழிகளில் ஒன்று காந்தம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். சில நானோமீட்டர் அளவேயுள்ள இரும்பு ஆக்சைடு துகள்களைத் தண்ணீரில் கலக்கிறார்கள். முழு உருளைக்கிழங்கைவிடப் பொடியாக நறுக்கியதில் மசாலா அதிகம் ஒட்டுமல்லவா? அதுபோலத் துகள் சிறுக்கச் சிறுக்க நஞ்சு ஒட்ட இடம் கூடும். பிறகு காந்தத்தால் துகள்களை ஒருபக்கமாக இழுத்துத் தண்ணீரைப் பிரிக்கலாம். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தினர் 2006-இல் ஆர்சனிக்கை இப்படி நீக்கிக் காட்டினார்கள். பூச்சிமருந்து வெறும் இரும்புத்துகளில் அவ்வளவாக ஒட்டாது. கரி போன்ற ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். காந்தம் இழுப்பது துகளை, நஞ்சை அல்ல. எனவே, குழாயின் வெளியே காந்தம் மாட்டினால் மருந்து போய்விடும் என்று யாராவது விற்க வந்தால் காசைக் கொடுத்து ஏமாற வேண்டாம்.

நம் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் காந்தமில்லாமலே, வெள்ளி நானோ துகள்களால் பூச்சிமருந்தை நீக்கும் முறையைக் கண்டார்கள். அதைக் கொண்ட வடிகட்டி 2007-இல் விற்பனைக்கு வந்தது.

காந்த முறை இன்னும் வீட்டுச் சமையலறைக்கு வரவில்லை. இப்போதைக்குக் கைக்கு எட்டுவது ஆக்டிவேட்டட் கார்பன் உள்ள வடிகட்டி. அதன் கரி நிறைந்துவிட்டால் மருந்தைப் பிடிக்காது. தண்ணீர் மட்டும் வழக்கம்போலத் தெளிவாகவே வரும். எனவே, கார்ட்ரிட்ஜை மாட்டிய தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள்.