நடுவர் இல்லாத ஆட்டம்

விசில் ஊத ஆளே இல்லாமல் ஒரு மேட்ச் நடக்குமா, நேயர்களே? சண்டை வந்துவிடாதா?

வரும். ஆனால் ஆடுகிறவர்களே பேசித் தீர்த்துக்கொள்வார்கள். தட்டை எறிந்து பிடித்து ஆடும் அல்டிமேட் ஃப்ரிஸ்பீயில் அதுதான் சட்டம்! "ஃபவுல்" என்று ஒருவர் சொல்ல, "இல்லவே இல்லை" என்று மற்றவர் மறுத்தால், தட்டு எறிந்தவர் கைக்கே திரும்பிப் போகும். மறுபடி எறிய வேண்டியதுதான். உலகப் போட்டிகளில்கூட இப்படித்தான்.

1968-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், மேப்பிள்வுட் என்ற ஊர்ப் பள்ளி மாணவர்கள் விளையாட்டாக ஆரம்பித்தது இது. இரவில் அவர்கள் எங்கே ஆடினார்கள் தெரியுமா? பள்ளியின் கார் நிறுத்துமிடத்தில்! விளக்கு வெளிச்சம் அங்கேதான் இருந்தது. அவர்கள் கல்லூரிக்குப் போனபோது தட்டும் கூடவே போயிற்று. ஆட்டம் தொடங்கிய நான்கே ஆண்டுகளில் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அணிகள் மோதின. ரட்கர்ஸ் ஜெயித்தது, வெறும் இரண்டு புள்ளி வித்தியாசத்தில்.

இன்றைக்கும் கல்லூரி நண்பர்கள் சாயங்காலம் கூடி ஆட ஒரு தட்டு போதும். எல்லைக்கோட்டுக்குச் செருப்பும் புத்தகப் பையும். வெள்ளைச் சட்டை இந்தப் பக்கம், கறுப்புச் சட்டை அந்தப் பக்கம். ஆணும் பெண்ணும் ஒரே அணியில். தாமதமாக வந்தவரும் நுழைந்துகொள்ளலாம். தட்டைப் பிடித்தவர் அதோடு ஓடக் கூடாது என்பதால், எப்பேர்ப்பட்ட சூரரும் பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். நேற்று வந்து சேர்ந்தவர் கைக்கும் தட்டு வந்துவிடுகிறது.

சென்னை பெசன்ட் நகர் கடற்கரை மணலிலும் தட்டு பறக்கிறது. அங்கே கடல்காற்று எந்த அணியின் பக்கம் என்றுதான் சொல்ல முடியாது!