காய் வெந்த பிறகே வெல்லம்

தைப் பொங்கலன்று பூம்புகார் கடற்கரையிலிருந்து தஞ்சாவூர் வரை காவிரிப் படுகையில் பரங்கிக்காய்க்குத் தனி மரியாதை உண்டு. மார்கழி முழுக்க வாசல் கோலத்துச் சாணி உருண்டைகளில் செருகப் பூக்களைக் கொடுத்த கொடி, தை பிறக்கும்போது கொல்லையிலும் கூரையிலும் காயைக் கொடுத்துவிடும். சில வீடுகளில் வெல்லம் சேர்த்துப் பளபளவெனச் சுண்டவைப்பார்கள். சில வீடுகளில் புளியும் வெல்லமுமாகச் சேர்த்து இனிப்புப் பச்சடி ஆகும். பரங்கிக்கொட்டை எனப்படும் பிஞ்சு கிடைத்தால் அது பால் கூட்டாகும். இத்தனை வகை இருந்தாலும் ஒரு விதியை எல்லாரும் காக்கிறார்கள்: முதலில் காய் வேக வேண்டும், பிறகுதான் வெல்லம். 'வெல்லத்தைப் போட்டுவிட்டால் அப்புறம் வேகாது' என்பது அடுப்படியில் அடிக்கடி கேட்கும் பேச்சு. இதை வெறும் பழக்கம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. ஆனால் தாவரச் செல்லின் சுவரைப் பற்றி வேதியியல் சொல்லும் செய்திகளை வைத்துப் பார்த்தால், இந்தப் பண்டத்துக்கு இதைவிடச் சரியான வரிசை கிடையாது.

பரங்கியும் அதோடு பொங்கலுக்கு வந்துசேரும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்தின் பயிர்கள். மெக்சிகோவின் வாகாக்கா பகுதியில் ஒரு குகையில் கிடைத்த பூசணி இன விதைகள் சுமார் 10,000 ஆண்டுப் பழமை உடையவை. கொலம்பஸின் 1492ஆம் ஆண்டுப் பயணத்துக்குப் பிறகுதான் இந்தப் பயிர்கள் இந்தியக் கரைக்கு வந்தன. காவிரிப்பூம்பட்டினம் துறைமுகமாகச் செழித்திருந்த காலத்தில் சோழ நாட்டில் யாரும் பரங்கிக்காயைக் கண்டிருக்க முடியாது. கடல் கடந்து வந்த காயை இங்குள்ள அடுப்படி தன் சமையல் ஒழுங்குக்குள் முழுமையாக ஏற்றுக்கொண்டது என்பது கவனிக்கத்தக்கது.

காய் வேகும்போது உள்ளே நடப்பது என்ன? சுமார் 60 டிகிரி செல்சியஸில் செல்களைச் சுற்றியுள்ள சவ்வுகள் சிதைந்து, உள்ளிருக்கும் நீர் கசியத் தொடங்கும். விறைப்பு போய்விடும், ஆனால் காய் இன்னும் வேகவில்லை. செல்லோடு செல்லை ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்னும் பொருள். 80, 85 டிகிரிக்கு மேல்தான் அதன் நீண்ட சங்கிலிகள் அறுந்து நீரில் கரையும். அப்போதுதான் கரண்டியால் அழுத்தினால் துண்டு மசியும். இந்த அறுபடலின் வேகம் எப்போதும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இலேசான புளிப்பில் பெக்டின் அசையாமல் நிற்கும். காரத்தன்மையில் சீக்கிரம் உடையும். சுண்டலில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் குழைந்துவிடுவதற்கும், புளித்தண்ணீரில் நேராகப் போட்ட காய் வேகத் தாமதிப்பதற்கும் இதுதான் காரணம். சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் இருந்தால் அது பெக்டின் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கிவிடும். பெக்டின் கரைந்து வெளியேற நீரும் வேண்டும். அந்த நீரைச் சர்க்கரை தன்பக்கம் பிடித்து வைத்துக்கொண்டால் கரைவது மந்தமாகும்.

வெல்லத்தில் இந்த மூன்றுமே இருக்கின்றன. பாபநாசம் அருகே வீரமாங்குடி போன்ற ஊர்களில் பொங்கலை ஒட்டி அச்சு வெல்லம் காய்ச்சுவார்கள். பொதுவாக வெல்லம் காய்ச்சும்போது கரும்புச் சாற்றின் அழுக்குப் பிரியவும் புளிப்பு அடங்கவும் கொப்பரையில் சுண்ணாம்பு சேர்ப்பது பழைய வழக்கம். அதில் கொஞ்சம் கால்சியம் வெல்லத்தோடு தங்கிவிடும். சுண்ணாம்பு சேர்த்தும் வெல்லம் இலேசான புளிப்புத் தன்மையோடுதான் இருக்கும். மீதியில் பெரும்பகுதி சுக்ரோஸ். ஆகவே வேகாத காயோடு வெல்லத்தைப் போடுவது, காயை மென்மையாக்கத் தடையாக உள்ள மூன்று காரணிகளையும் ஒரே நேரத்தில் கூப்பிட்டு உட்காரவைப்பதாகும். அமெரிக்காவின் பாஸ்டன் நகர பீன்ஸ் பண்டம் இதற்குச் சான்று. கரும்புப் பாகுக் கழிவான மொலாசஸ் சேர்த்து மணிக்கணக்கில் அடுப்பில் கிடந்தாலும் அந்த பீன்ஸ் கரைந்து கூழாவதில்லை. மொலாசஸின் புளிப்பு, கால்சியம், சர்க்கரை ஆகிய மூன்றும் சேர்ந்து அதைக் காக்கின்றன என்று உணவு அறிவியல் எழுத்தாளர் ஹெரால்ட் மெக்கீ விளக்குகிறார்.

நம் நாட்டிலேயே இதைவிடத் தெளிவான சான்று இருக்கிறது. ஆக்ராவின் பேட்டாவும் நம் கல்யாண வீட்டுக் காசி அல்வாவும் ஒரே வெண்பூசணிக்காயில் செய்யப்படுபவை. பேட்டாவுக்குக் காயைத் துண்டாக்கி, குத்தித் துளையிட்டு, சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்த பிறகே சர்க்கரைப் பாகில் கொதிக்கவிடுவார்கள். எவ்வளவு கொதித்தாலும் துண்டு கரையாது, கடித்தால் மொறுக்கென்று உடையும். காசி அல்வாவுக்குத் துருவிய பூசணியை அதன் சொந்த நீரிலேயே நன்றாக வேகவிட்டு, பிறகு சர்க்கரை சேர்க்கிறோம். அது நாக்கில் வழுக்கும். காயும் ஒன்று, இனிப்பும் ஒன்று. முக்கியமாக நடுவில் வந்த சுண்ணாம்புதான் இரண்டையும் வேறு வேறு பண்டமாக்குகிறது. பூசணி வேகாமல் போவதற்குக் காயின் முற்றல்தான் காரணம் என்று சொல்பவர்களுக்கு இந்த ஒப்பீடு போதிய பதில்.

மேலைநாட்டு விருந்துகளில் கேரட்டையும் சர்க்கரையையும் வெண்ணெயையும் தண்ணீரையும் ஒன்றாகவே சட்டியில் போட்டுப் பளபளப்பாக இறக்குகிறார்களே, அங்கே காய் வேகாமலா போகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அங்கே ஒரு குவளைத் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டிச் சர்க்கரைதான் போடுகிறார்கள். தொடக்கத்தில் அது நூற்றில் சில பங்கே இனிப்புள்ள தண்ணீர். தண்ணீர் வற்றிப் பாகாகும் நேரத்துக்குள் கேரட் வெந்து முடிந்திருக்கும். பாத்திரத்துக்குள் போட்ட நேரம் ஒன்றானாலும், காய் கெட்டிப் பாகைச் சந்திப்பது வெந்த பிறகுதான். நம் சமையலில் அரைக் கிலோ காய்க்கு 150 கிராம் வெல்லமும் அரைக் குவளைத் தண்ணீரும் என்றால், கரைந்த உடனேயே பாதிக்குப் பாதி சர்க்கரை. அந்தப் பாகில் பச்சைத் துண்டு விழுந்தால், அதற்குள் இருக்கும் நீரைப் பாகு வெளியே இழுத்துவிடும். துண்டு சுருங்கித் தோல்போல் ஆகும். பிரஷர் குக்கரில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டாலும் வெந்துவிடுகிறதே என்பது அடுத்த ஆட்சேபம். உண்மைதான். மூடிய குக்கரில் வெப்பம் 120 டிகிரியை எட்டுவதால் பெக்டின் எந்தத் தடையையும் மீறி உடையும். ஆனால் உள்ளே நீர் ஆவியாகி வெளியேற வழியில்லை. கிடைப்பது இனிப்பான குழம்பு. பாகு ஒட்டிய காய் அல்ல. எப்படியும் திறந்த வாணலியில் அதைச் சுண்டவைத்தாக வேண்டும். அப்போது குக்கரில் குழைந்த துண்டுகள் கரண்டி பட்டதும் உடைந்துபோகும்.

கடைசியில் போட்டால் இனிப்பு உள்ளே ஏறாது என்று நினைப்பதும் தவறு. சவ்வு சிதைந்த வெந்த காயில் கரைந்த பொருள் பச்சைக் காயைவிட எளிதாகப் புகும். மையம் வரை ஏறாவிட்டாலும் நட்டமில்லை. நாக்கு முதலில் தொடுவது மேற்பரப்பைத்தான். உள்ளே காயின் சொந்த மணமும் வெளியே வெல்லமும் தனித்தனியாகத் தெரிவதுதான் இந்தப் பண்டத்தின் அழகு. வெல்லமும் குறைவாகச் செலவாகும். வெல்லம் என்பதால் உடம்புக்கு நல்லது என்று அள்ளிப் போடுபவர்கள், அதில் பெரும்பங்கு சாதாரணச் சர்க்கரையேதான் என்பதை மறக்கக் கூடாது.

அந்தப் பளபளப்பு உருவாவதை வாணலியில் நேரடியாகவே பார்க்கலாம். வடிகட்டிய வெல்லக் கரைசலை வெந்த துண்டுகளின்மேல் ஊற்றியதும் சிறு குமிழிகள் வேகமாகப் பொங்கும். நீர் வற்ற வற்றக் குமிழிகள் பெரிதாகி, மெதுவாக உடையும். கரண்டியால் ஒதுக்கினால் அடி ஒரு கணம் தெரிந்து பிறகு பாகு மூடிக்கொள்ளும். இறக்க வேண்டிய நேரம் அது. இன்னும் விட்டால் கொதிநிலை ஏறி, 113 டிகிரியில் நூற்றுக்கு 85 பங்கு சர்க்கரையாகி, ஆறியதும் உருட்டும் பதத்துக்குப் போய்விடும். நம் பாகு அதற்கு வெகு முன்னாலேயே நிற்க வேண்டும். காயிலிருந்து கரைந்து வந்த பெக்டினே அதைக் கெட்டிப்படுத்தத் துணைசெய்யும். இதுவும் காய் முதலில் வெந்திருந்தால்தான் நடக்கும். வெல்லத்தில் சுக்ரோஸோடு கலந்திருக்கும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் பாகு மணல்போல் உறைவதைத் தடுக்கின்றன. வெள்ளைச் சர்க்கரையில் செய்தால் அந்தப் பாதுகாப்பு குறைவு.

சர்க்கரைவள்ளிக்கு மட்டும் ஒரு திருத்தம் தேவை. அந்தக் கிழங்கில் மாவுச்சத்தை மால்ட்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றும் நொதி இருக்கிறது. சுமார் 60 முதல் 75 டிகிரி வரை அது சுறுசுறுப்பாக வேலை செய்யும். மெல்ல சூடேறினால் கிழங்கு தானாகவே இனித்துவிடும். சிறு தீயில் தோலோடு அவித்து, உரித்து நறுக்கிப் பிறகு வெல்லப் பாகில் புரட்டினால் வெல்லம் பாதியே போதும். துண்டு உடையாமல் நிற்க வேண்டுமென்று விரும்பும் சமையல்காரர், முக்கால் வேக்காட்டிலேயே வெல்லத்தைச் சேர்த்து அதன் இறுக்கும் குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்திக்கொள்ளலாம். சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடியில் விதி இன்னும் கடுமை. மாங்காயில் புளிப்பு ஏற்கெனவே இருப்பதால் வெல்லமும் சேர்ந்தால் துண்டு நார்நாராக நின்றுவிடும். அங்கே மசியும் வரை தண்ணீரில் வேகவிடுவதில் அவசரமே கூடாது.

பரங்கிக்கொட்டைப் பால் கூட்டில் வெல்லத்தின் புளிப்பு இன்னொரு வழியில் வேலையைக் காட்டும். பாலின் கேசீன் புரதம் குளிர்ந்த நிலையில் நல்ல புளிப்பு ஏறினால்தான் திரியும். கொதிக்கும்போதோ சிறு புளிப்பே போதும். அதனால் பிஞ்சை வேகவைத்து, வெல்லம் கரைந்து, அரிசி மாவு கரைத்து விட்டுக் கெட்டிப்பட்ட பிறகு, அடுப்பை அணைத்துச் சூடு தணிந்ததும் காய்ச்சிய பாலை ஊற்றுகிறார்கள். தையில் புது வெல்லத்தோடு பிசகாமல் வந்த அதே செய்முறை, ஐப்பசி மழையில் ஈரம் வாங்கிய பழைய வெல்லத்தோடு திரிந்துபோவதுண்டு. ஈரத்தில் நுண்ணுயிர்கள் பெருகி வெல்லத்தின் புளிப்பைக் கூட்டியிருக்கும். அந்த மாதங்களில் பாகை நன்றாக ஆறவிட்டு, நகக்கண் அளவு சமையல் சோடா கலந்து, பிறகு பாலைச் சேர்த்தால் கூட்டு தப்பிக்கும்.