நோய் நுரையீரலில், தளர்ச்சி இதயத்தில்

"நிமோனியாவுக்குத்தானே சேர்த்தோம், இப்போது இதயமும் பலவீனம் என்கிறார்களே!" தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் பல குடும்பங்கள் இப்படிக் கலங்குகின்றன.

கடும் கிருமித்தொற்றை எதிர்த்து உடல் அளவுமீறிப் போராடும்போது, இரத்தக்குழாயில் அடைப்பு இல்லாமலேயே இதயத் தசை தளரலாம்; துடிப்பும் ஒழுங்கு தவறலாம். கடும் நோயின் அதிர்ச்சியால் இதயத்தின் நுனிப்பகுதி பலூன் போல உப்புவதும் உண்டு. ஜப்பானிய மருத்துவர்கள் 1990-இல் இதற்கு 'டகோட்சுபோ' என்று பெயரிட்டனர். ஆக்டோபஸ் பிடிக்கும் பானை என்பது அதன் பொருள்.

ஆபத்து உண்மைதான். ஆயினும் பிழைத்தெழுவோரில் பலருக்கு இத்தளர்ச்சி சில நாள்களிலோ வாரங்களிலோ நீங்குகிறது. எனவே 'எல்லாம் முடிந்தது' என்று நாமே தீர்ப்பிட வேண்டாம். பழைய இதய நோயையும் உண்ணும் மாத்திரைகளையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வோம். வீடு திரும்பிய பின்னும், அவர் சொல்லும் நாளில் எக்கோ பரிசோதனைக்குத் தவறாமல் அழைத்துச் செல்வோம்.