உஷார்! ஃபார்வர்டு செய்தாலும் சொன்னது நீங்கள்தான்

"எனக்கு வந்ததை அப்படியே அனுப்பினேன், அவ்வளவுதான்." குடும்ப குரூப்பிலும் தெரு குரூப்பிலும் பொய்யைப் பரப்பி மாட்டிக்கொண்டவர்கள் சொல்லும் சமாதானம் இது. கோர்ட்டில் இது செல்லாது.

2018 ஏப்ரலில், பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவை நடிகர் எஸ்.வி. சேகர் ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். எழுதியவர் வேறொருவர். படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்றார், பதிவை நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். எதுவும் எடுபடவில்லை. வழக்கை ரத்து செய்ய 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. உச்ச நீதிமன்றமும் கைவிரித்துவிட்டது. 2024 பிப்ரவரியில் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. மறு ஆண்டு ஜனவரியில் உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனையை உறுதி செய்தது.

தண்டனையாவது ஒருவரோடு போயிற்று. அதே 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போனது ஓர் உயிர். குழந்தை கடத்தும் கும்பல் ஊருக்குள் இறங்கிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளும் வீடியோக்களும் பறந்த நேரம். குலதெய்வம் கோயிலுக்குப் போகச் சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம், போளூர் பக்கம் அத்திமூரில் வண்டியை நிறுத்தியது. 65 வயது அம்மா ஒருவர், அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று கூட்டம் கூடி அடித்தே கொன்றது. பிள்ளைகளைக் கண்டதும் கையில் இருப்பதை நீட்டுவது நம் வீட்டுப் பாட்டிமார் எல்லோருக்கும் உள்ள வழக்கம்தானே! அந்தக் குரல் பதிவுகளை அனுப்பியவர்களில் எத்தனை பேர் "பிள்ளைகள் பத்திரம்" என்ற நல்லெண்ணத்தில் அனுப்பியிருப்பார்கள்? எனக்கு அடிவயிறு கலங்குவது அதனால்தான்.

அந்த நாட்களில் இந்தியா முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோவில், பைக்கில் வந்த இருவர் சிறுவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். சிறுவனைத் திரும்ப இறக்கிவிடும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் வெட்டுகிறார்கள் என்று கிளம்பியதும் இதே ரகம்தான். சம்பந்தமில்லாத பழைய வீடியோக்களைக் காட்டியே ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பதறவைத்தார்கள்.

ஆகவே, வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி தெரிந்தால் விரலை எடுத்துவிடுங்கள். குறைந்தது ஐந்து கை மாறி வந்த சரக்கு அது. முதலில் அனுப்பியவர் யார் என்று உங்களுக்கு அனுப்பியவருக்கே தெரியாது. ஒருவரின் போட்டோவோ போன் நம்பரோ வண்டி நம்பரோ போட்டு "இவனைப் பிடியுங்கள்" என்று வந்தால், எந்தக் காரணத்துக்காகவும் அனுப்பாதீர்கள். நிஜமாகவே சந்தேகம் இருந்தால் 112-க்குப் போன் போடுங்கள்.

வீட்டுப் பெரியவர் பொய்யை அனுப்பிவிட்டாரா? குரூப்பில் வைத்து அவரை நாலு பேர் முன் அவமானப்படுத்தாதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, "சித்தப்பா, அது பழைய வீடியோ, எடுத்துடுங்களேன்" என்றால் கேட்பார். அனுப்பியது நீங்களே என்றால், அழித்துவிட்டு நழுவாதீர்கள். உங்கள் குரூப்பில் அழித்தது அங்கே மட்டும்தான் அழியும். மற்றவர்கள் ஏற்கெனவே வேறு குரூப்புகளுக்குத் தள்ளிவிட்டது ஓடிக்கொண்டே இருக்கும். "நான் அனுப்பியது பொய், யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள்" என்று அதே குரூப்பில், இன்றைக்கே எழுதுங்கள்.